எதுக்கும் அரை மணி முன்னாடியே கிளம்பு...

பரீட்சை நாள் காலை, இன்டர்வியூ நாள் காலை, பெண் பார்க்கப் போகும் நாள் காலை... தமிழ் வீடுகளில் தவறாமல் கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "எதுக்கும் ஒரு அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பிடு." அம்மா சொல்வார், அப்பா சொல்வார், இருவரும் மறந்துவிட்டால் பக்கத்து வீட்டு மாமாவாவது சொல்வார்.

இந்த "எதுக்கும்" என்ற சொல்லுக்குள் போக்குவரத்துப் பொருளாதாரத்தின் ஒரு பெரிய அத்தியாயம் ஒளிந்திருக்கிறது. ஒரு பயணம் எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஒரு கேள்வி. அந்த நேரம் நாளுக்கு நாள் எவ்வளவு மாறும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியை உலகம் முழுக்க அளக்கிறார்கள். மேம்பாலம் கட்டினால் இத்தனை நிமிடம் மிச்சம், அந்த நிமிடங்களுக்கு இத்தனை கோடி மதிப்பு, அதனால் திட்டம் லாபகரமானது என்று அறிக்கை எழுதுவார்கள். இரண்டாவது கேள்விக்கான பில்லைப் பயணிகள் தங்கள் தூக்கத்திலிருந்தும் காலை டிபனிலிருந்தும் தினம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது அறிக்கையில் ஏறுவது அபூர்வம். ஏறினாலும், அந்த பில்லை அதிகமாகக் கட்டுபவருடைய பங்கு அதில் குறைவாகவே தெரிகிறது. இந்த இரண்டும் மாற வேண்டும் என்பதுதான் இங்கே வாதம்.

சராசரியின் சாமர்த்தியம்

ஒரு சின்ன கணக்கு. வீட்டிலிருந்து வேலைக்குப் போக இரண்டு பஸ் ரூட்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் ரூட்: எந்த நாளும் சரியாக 55 நிமிடம். மழையோ வெயிலோ மாற்றமே கிடையாது.

இரண்டாவது ரூட்: மாதத்தில் 20 வேலை நாட்கள் என்றால், 13 நாள் 45 நிமிடம், 5 நாள் 55 நிமிடம், 2 நாள் 90 நிமிடம். சராசரி போட்டால் 52 நிமிடம்.

சராசரியைப் பார்த்தால் இரண்டாவது ரூட்தான் நல்லது, மூன்று நிமிடம் மிச்சம். இப்போது ஒரு துணிக்கடை ஊழியரை அந்த பஸ்ஸில் ஏற்றிவிடலாம். கடையில் 9 மணிக்குக் கைரேகை வைக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதமானாலும் அரை நாள் சம்பளம் கட். எந்த நாள் 90 நிமிட நாள் என்று கிளம்பும்போது அவருக்குத் தெரியாது. அதனால் தினமும் ஏழரைக்கே கிளம்புகிறார். 13 நாட்கள் 45 நிமிடம் முன்னதாகவும், 5 நாட்கள் 35 நிமிடம் முன்னதாகவும் வந்து, மூடியிருக்கும் ஷட்டர் முன்னால் நிற்கிறார். மொத்தம் 760 நிமிடம், அதாவது மாதத்துக்கு 12 மணி 40 நிமிடம், காத்திருப்பிலேயே போகிறது. மூன்று நிமிடம் மிச்சம் என்று சராசரி சொன்ன ரூட் இது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கடையின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் அவர் ஒரு நாள்கூட தாமதம் கிடையாது. பஸ்ஸால் யாருக்கும் கஷ்டமே இல்லை போலத் தோன்றும். தாமதங்களை எண்ணிப் பார்த்து நம்பகமின்மையின் விலையைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு இதுவே போதும். விலையின் பெரும்பகுதி தாமதமாக வராமல் இருப்பதற்காகவே கொடுக்கப்பட்டுவிடுகிறது.

எதை வைத்து அளப்பது?

ஏற்ற இறக்கத்தை அளக்க வேண்டும் என்றதும் ப்ளஸ் டூவில் படித்த திட்டவிலக்கம்தான் முதலில் ஞாபகம் வரும். அதில் ஒரு சிக்கல். பயண நேரம் இரண்டு பக்கமும் சமமாக ஆடுவதில்லை. 45 நிமிடப் பயணம் அதிர்ஷ்டம் இருந்தால் 40 ஆகலாம், 10 ஆகாது. மோசமான நாளில் 90 ஆகலாம், 120-கூட ஆகலாம். வால் ஒரு பக்கமாகத்தான் நீளும். அந்த வால்தான் மனிதர்களைப் பயமுறுத்துகிறது.

அதனால் அமெரிக்காவில் வேறு சில அளவைகள் பிரபலமாயின. அதில் ஒன்று "தாங்கல் குறியீடு" என்று சொல்லத்தக்கது. 20 நாட்களில் 19 நாள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று பார்ப்பது. புள்ளியியல் பாஷையில் இது 95-வது பர்சன்டைல். அது சராசரியைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்பதுதான் குறியீடு. மேலே சொன்ன இரண்டாவது ரூட்டில் 20 நாட்களையும் வரிசைப்படுத்தினால் 19-வது நாள் 90 நிமிடம். சராசரி 52. ஆக, 73 சதவீதம் கூடுதலாக ஒதுக்க வேண்டும். படுமோசம்.

இன்னொரு அளவையும் இருக்கிறது. அமெரிக்க ஃபெடரல் நெடுஞ்சாலை நிர்வாகம் 2017-ல் வெளியிட்ட விதிப்படி, மாநிலங்கள் தங்கள் முக்கியச் சாலைகளின் நம்பகத்தன்மையைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு 80-வது பர்சன்டைல் நேரத்தை நடுநாளின் நேரத்தால் (50-வது பர்சன்டைல்) வகுக்கிறார்கள். விடை 1.5-க்குக் குறைவாக இருந்தால் அந்தச் சாலைத் துண்டு "நம்பகமானது". இதே பஸ் ரூட்டுக்கு இந்தச் சூத்திரத்தைப் போட்டால் 16-வது நாள் 55 நிமிடம், நடுநாள் 45 நிமிடம், விகிதம் 1.22. அமோகமாகப் பாஸ்!

அதே ரூட், அதே 20 நாட்கள். ஒரு அளவையில் ஃபெயில், இன்னொன்றில் டிஸ்டிங்ஷன். 80-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. மிக மோசமான சில நாட்கள் பெருமழையாலோ பெரிய விபத்தாலோ வந்தவையாக இருக்கும், அதற்கெல்லாம் சாலை நிர்வாகத்தைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கையில் இருப்பதை வைத்துத்தான் மார்க் போட வேண்டும் என்பது அந்த நியாயம். நிர்வாகத்துக்கு மார்க் போட அது சரியாக இருக்கலாம். ஆனால் துணிக்கடை ஊழியருக்கு அந்த இரண்டு நாட்கள்தான் எல்லாமே. எந்த பர்சன்டைலை எடுப்பது என்று தீர்மானிக்கும்போதே யாருடைய கஷ்டத்தை எண்ணுவது, யாருடையதை விடுவது என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. கணித விஷயம்தானே என்று நிபுணர்கள் கையிலேயே விட்டுவிடக்கூடிய முடிவு இல்லை இது.

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்

பஸ்ஸில் ஏறிய பிறகு ஆகும் நேரத்தைப் பற்றித்தான் இதுவரை பேச்சு. ஏறுவதற்கு முன்னால் நிற்பது ஒரு தனிக் கதை.

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று போர்டு போட்டிருக்கிறது. நேரம் பார்க்காமல் ஸ்டாப்புக்கு வருபவர் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்பார்? ஐந்து நிமிடம் என்று தோன்றும். பஸ்கள் சரியாகப் பத்துப் பத்து நிமிடத்தில் வந்தால் அதுதான் விடை. ஆனால் நிஜத்தில் என்ன நடக்கிறது? அரை மணி நேரம் ஒன்றும் வராது, வந்தால் மூன்று சேர்ந்து வரும்.

இரண்டு இரண்டாகச் சேர்ந்து 20 நிமிடத்துக்கு ஒரு தடவை வருவதாக வைத்துக்கொண்டால், மணிக்கு ஆறு பஸ் என்ற கணக்கு அப்படியே இருக்கும். சராசரி இடைவெளி இப்போதும் 10 நிமிடம்தான். ஆனால் பயணிகள் நிற்கும் நேரம் 5-லிருந்து 10 ஆகிவிடும். காரணம் எளிது. வருகிற எல்லோரும் அந்த 20 நிமிட இடைவெளியில்தான் வந்து சேருகிறார்கள், பூஜ்ய நிமிட இடைவெளியில் யாரும் வர முடியாது. ஒரு பஸ்கூட குறையவில்லை, ஒரு லிட்டர் டீசல்கூட மிச்சமாகவில்லை. ஆனாலும் காத்திருப்பு இரட்டிப்பு.

பஸ்கள் ஏன் சேர்ந்துகொள்கின்றன என்பதை 1964-லேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணிதமாக எழுதிவிட்டார்கள். ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்பில் அதற்காக நிற்கும் கூட்டம் கூடும். கூட்டம் ஏற நேரமாகும், பஸ் இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆளே இருக்காது, அது வேகமாக வந்து முன்னதன் முதுகில் முட்டும். டிரைவரும் கண்டக்டரும் எவ்வளவு பொறுப்பாக இருந்தாலும் இது நடக்கும். அதனால் அவர்களைத் திட்டிப் பயனில்லை. வழியில் இரண்டு மூன்று இடங்களில் சீக்கிரம் வந்த பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்திவைத்து இடைவெளியைச் சரி செய்ய ஒரு ஏற்பாடு வேண்டும்.

லண்டன் இதை வைத்தே காசு கொடுக்கிறது. அங்கே பஸ்களை ஓட்டுவது தனியார் நிறுவனங்கள், ஒப்பந்தம் போடுவது நகரப் போக்குவரத்து அமைப்பு. மணிக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பஸ்கள் ஓடும் ரூட்களில் "பஸ் அட்டவணைப்படி வந்ததா?" என்று பார்ப்பதில்லை. அட்டவணைப்படி ஓடியிருந்தால் பயணி எவ்வளவு நேரம் நின்றிருப்பார், நிஜத்தில் எவ்வளவு நின்றார், இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று பார்க்கிறார்கள். அதன் பெயர் "உபரிக் காத்திருப்பு நேரம்". 2001-ல் அறிமுகமான ஒப்பந்த முறையில் இந்த எண் குறைந்தால் நிறுவனத்துக்கு போனஸ், கூடினால் பிடித்தம். 2000 வாக்கில் சராசரியாக இரண்டு நிமிடத்தை ஒட்டி இருந்த உபரிக் காத்திருப்பு அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியானது. ஒப்பந்தம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. 2003-ல் வந்த நெரிசல் கட்டணமும், பஸ்களுக்கு ஒதுக்கிய கூடுதல் பணமும் சேர்ந்துதான் அந்த விளைவு. இருந்தாலும் பயணியின் நிற்கும் நேரத்தை நிறுவனத்தின் வரவு செலவோடு கட்டிப்போட முடியும் என்று அது காட்டியது. சிங்கப்பூர் 2014-ல் இதே போன்ற ஒரு திட்டத்தைச் சோதனையாக ஆரம்பித்தது.

ஒரு நிமிடத் தாமதம் என்ன விலை?

அளப்பது ஒரு பாதி. அளந்ததற்கு விலை போடுவது மறு பாதி.

1969-ல் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் நெரிசலைப் பற்றி எழுதும்போது ஒரு எளிய உண்மையைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். மனிதர்களுக்குப் பயணம் மட்டும் செலவில்லை, விரும்பிய நேரத்துக்கு முன்னால் வந்து சேருவதும் செலவு, பின்னால் வந்து சேருவதும் செலவு. (இவருக்கு 1996-ல் நோபல் பரிசு அறிவித்தார்கள், அறிவித்த மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.) இந்தச் செலவுகளுக்கு எண் கொடுத்தவர் கென்னத் ஸ்மால். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் காரில் வேலைக்குப் போகிறவர்களின் தேர்வுகளை ஆராய்ந்து 1982-ல் அவர் வெளியிட்ட விகிதங்கள் இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கின்றன.

ரூபாயில் சொன்னால் இப்படி. பயணத்தில் கழியும் ஒரு நிமிடத்தின் சங்கடம் 1 ரூபாய் என்றால், சீக்கிரம் வந்து சும்மா நிற்கும் நிமிடம் சுமார் 61 பைசா. தாமதமாகும் நிமிடம் சுமார் 2 ரூபாய் 40 பைசா.

இதிலிருந்து ஒரு சுவாரசியமான விடை வருகிறது. ஒரு நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் நல்ல நாட்களில் 61 பைசா நஷ்டம், கெட்ட நாட்களில் 2.40 லாபம். இரண்டும் சமமாகும் இடம்வரை முன்னதாகக் கிளம்புவார்கள். போட்டுப் பார்த்தால் அந்த இடம், ஐந்து நாளில் ஒரு நாள் தாமதமாகும் இடம். அதாவது ஸ்மாலின் கலிஃபோர்னியர்கள் வாரத்துக்கு ஒரு நாள் லேட்டாகப் போவதை இயல்பாக ஏற்றுக்கொள்வார்கள்.

துணிக்கடை ஊழியருக்கு இது கட்டுப்படியாகுமா? ஐந்தில் ஒரு நாள் அரை நாள் சம்பளம் போனால் மாத முடிவில் கையில் என்ன மிஞ்சும்? அவருக்குத் தாமதத்தின் விலை 2.40 என்று நிற்காது. சீக்கிரம் வரும் நிமிடத்தைப் போல 19 மடங்கு என்று வைத்தால் 20 நாளில் ஒரு நாள்தான் தாமதம் தாங்கும். முதலில் பார்த்த ரூட்டில் மோசமான நாட்களே இரண்டு இருப்பதால், அவர் 90 நிமிடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

இப்போது அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர் உட்கார்ந்திருக்கலாம். ஒன்பதரைக்குப் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். "ட்ராஃபிக்" என்று ஒரு மெசேஜ் போட்டால் போதும். அவர் 55 நிமிடம் ஒதுக்கினால் மாதத்தில் இரண்டே நாள்தான் தாமதம். ஆக, ஒரே பஸ், ஒரே ஸ்டாப், ஒரே டிக்கெட். ஒருவருக்கு அது 55 நிமிடப் பயணம், இன்னொருவருக்கு 90 நிமிடப் பயணம். சராசரி இருவருக்கும் 52 என்கிறது.

யாருடைய காசு, யாருடைய நேரம்?

நம்பகத்தன்மைக்கு மக்கள் நிஜமாகவே காசு கொடுப்பார்களா என்ற சந்தேகத்தைத் தீர்த்துவைத்த இடம் கலிஃபோர்னியாவின் 91-ஆம் எண் சாலை. 1995 டிசம்பரில் அதன் நடுவே கட்டணத் தடங்கள் திறக்கப்பட்டன. பக்கத்திலேயே இலவசத் தடங்கள், நெரிசலுடன். கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறும். யார் காசு கொடுத்து நடுவில் போகிறார்கள், யார் இலவசத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்தால் மனதில் இருக்கும் விலை வெளியே வந்துவிடும். ஸ்மால், வின்ஸ்டன், யான் மூவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் பயண நேரத்தைக் குறைக்க ஒரு மணிக்கு 20 டாலரை ஒட்டிக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள், நிச்சயமின்மையைக் குறைக்கவும் ஏறத்தாழ அதே அளவு கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்று தெரிந்தது. ஆளுக்கு ஆள் இந்த மதிப்பு வெகுவாக வேறுபட்டது என்பதும் அந்த ஆய்வின் முக்கியமான முடிவு.

இதை அரசாங்கங்களும் கவனித்தன. பிரிட்டனின் அதிகாரப்பூர்வ திட்ட மதிப்பீட்டு வழிகாட்டியில் கார் பயணத்துக்கு 0.4 என்ற விகிதம் இருக்கிறது. திட்டவிலக்கத்தில் ஒரு நிமிடம் குறைந்தால், சராசரியில் 0.4 நிமிடம் குறைந்ததற்குச் சமம் என்று பொருள். பூஜ்யமாக இருந்ததற்கு 0.4 எவ்வளவோ மேல்.

ஆனால் இங்கேதான் ஒரு ஓட்டை. விலை என்றால் "எவ்வளவு கொடுக்கத் தயார்?" என்று அளக்கிறார்கள். கொடுக்கத் தயாராக இருப்பதற்கு முதலில் கையில் காசு வேண்டும். எஞ்சினியரிடம் கேட்டால் பயணம் நிச்சயமாக இருக்க தினம் 100 ரூபாய்கூடக் கொடுப்பார். துணிக்கடை ஊழியர் 10 ரூபாய்க்கே யோசிப்பார். ஆகவே எஞ்சினியருக்கு நம்பகத்தன்மை பத்து மடங்கு முக்கியம் என்று கணக்கு முடிவு கட்டும். நிஜத்தில் தினம் 35 நிமிடம் கூடுதலாகச் செலவழிப்பது யார்? காசுக்குப் பதிலாகத் தூக்கத்தைக் கொடுப்பவரின் செலவு காசில் அளந்தால் தெரியாது.

இது தீர்க்க முடியாத பிரச்சினை ஒன்றும் இல்லை. பிரிட்டனிலேயே வேலைக்குப் போய்வரும் பயணத்துக்கு வருமானம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே தேசிய சராசரி மதிப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதோடு இன்னொரு படி சேர்க்கலாம். ஒரு ரூட்டில் வருபவர்களில் எத்தனை பேர் கறாரான நேரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், எத்தனை பேர் முன்னே பின்னே போகலாம் என்று கேட்டுப் பதிவு செய்யலாம். தொழிற்சாலை ஷிஃப்ட், ஆஸ்பத்திரி நர்ஸ், வீட்டு வேலை, கடை வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் முதல் வகை. அந்த வகையினருக்கு 80-வது நாளைப் பார்க்காமல் 95-வது நாளைப் பார்க்க வேண்டும்.

மேம்பாலமா, இழுவை வண்டியா?

சரி, இப்படிக் கணக்கிட்டால் என்ன மாறிவிடும்? எந்தத் திட்டத்துக்குப் பணம் போகும் என்பதே மாறும்.

அதே இரண்டாவது ரூட்டுக்கு இரண்டு யோசனைகள் வருகின்றன. முதலாவது ஒரு மேம்பாலம். நல்ல நாட்களிலும் சுமாரான நாட்களிலும் நான்கு நிமிடம் மிச்சம், ஆனால் மோசமான அந்த இரண்டு நாட்களில் மாற்றம் இல்லை. இரண்டாவது, பழுதான லாரியை உடனே அப்புறப்படுத்த இழுவை வண்டிகள், மழைநீர் தேங்கும் இடத்தில் வடிகால், கொஞ்ச தூரத்துக்கு பஸ்ஸுக்கெனத் தனித் தடம். சாதாரண நாட்களில் ஒரு நிமிடம்கூட மிச்சம் இல்லை, ஆனால் 90 நிமிட நாட்கள் 60 நிமிடமாகக் குறைகின்றன.

சராசரிப்படி மேம்பாலம் 3.6 நிமிடம் மிச்சம் செய்கிறது, இரண்டாவது யோசனை 3 நிமிடம்தான். மேம்பாலம் ஜெயிக்கிறது. ஷட்டர் முன்னால் நிற்பவரைக் கேட்டால்? மேம்பாலம் வந்த பிறகும் அவர் ஏழரைக்கே கிளம்ப வேண்டும், நான்கு நிமிடம் கூடுதலாக ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான் :-) இரண்டாவது யோசனை வந்தால் அவர் எட்டு மணிக்குக் கிளம்பலாம். தினமும் அரை மணி நேரம். அதில் குழந்தைக்குத் தலை வாரி விடலாம்.

இந்த உதாரணம் வெறும் கற்பனைக் கணக்குதான். ஆனால் நிஜமும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. நெரிசல் எதனால் வருகிறது என்று அமெரிக்க ஃபெடரல் நெடுஞ்சாலை நிர்வாகம் போட்ட, பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீட்டில் சாலை போதாமையின் பங்கு 40 சதவீதம்தான். விபத்தும் பழுதான வண்டியும் 25, மோசமான வானிலை 15, சாலைப் பணிகள் 10, சரியில்லாத சிக்னல் 5, திருவிழா போன்ற விசேஷங்கள் 5. சிக்னலை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பாதிக்கு மேற்பட்டவை "இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது" வகை. அவற்றுக்கு அகலமான சாலை ஓரளவு உதவும் என்றாலும், சீக்கிரம் கவனித்துச் சீக்கிரம் சரி செய்யும் ஆட்கள்தான் அதிகம் உதவுவார்கள். அதற்கு அடிக்கல் நாட்டு விழா கிடையாது, கல்வெட்டும் கிடையாது.

நேரத்துக்கு வந்ததாகக் காட்டும் வித்தை

நம்பகத்தன்மையை அளக்க ஆரம்பித்தால் ஏமாற்றவும் ஆரம்பிப்பார்கள் என்று ஒரு எதிர்வாதம் உண்டு. அது நியாயமானது.

எக்ஸ்பிரஸ் ரயில் அட்டவணைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். கடைசி ஸ்டேஷனுக்கும் அதற்கு முந்திய ஸ்டேஷனுக்கும் நடுவில் மட்டும் தூரத்துக்குப் பொருந்தாத நேரம் ஒதுக்கியிருக்கும். வழியில் அரை மணி தாமதமான வண்டி, கடைசியில் "சரியான நேரத்துக்கு" வந்துவிடும். அமெரிக்க விமானங்களும் அப்படித்தான். 15 நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு என்பதால் அட்டவணையிலேயே நேரத்தை நீட்டிவிடுகிறார்கள். ஜெர்மனியில் ஆறு நிமிடத்துக்குள் வந்தால் ரயில் தாமதம் இல்லை. ஓடாமல் ரத்தான ரயில் அந்தக் கணக்கிலேயே வராது! பிரிட்டன் 2019 முதல் நிமிடக் கணக்கில் பார்க்க ஆரம்பித்தது. ஜப்பானில் 2017 நவம்பரில் ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகப் புறப்பட்டதற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்ட கதை உலகம் சுற்றியது.

இதிலிருந்து அளப்பதே வீண் என்ற முடிவுக்குப் போக வேண்டியதில்லை. அட்டவணையோடு ஒப்பிட்டால்தான் இந்த ஏமாற்று வேலை நடக்கும். பயணி வீட்டிலிருந்து கிளம்பி வேலைக்குப் போய்ச் சேர எவ்வளவு ஒதுக்க வேண்டியிருக்கிறது என்று நேரடியாக அளந்தால் நீட்டிய அட்டவணையும் செலவாகவே தெரியும். இதில் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். நிச்சயமான 60 நிமிடம், நிச்சயமில்லாத 45-ஐவிடப் பலருக்கு உபயோகமானது. ஆகவே நேரத்தை நீட்டுவதெல்லாம் மோசடி ஆகிவிடாது. அதை மறைப்பதுதான் தவறு.

இன்னொரு எதிர்வாதம், இதையெல்லாம் முன்கூட்டிக் கணிப்பது கஷ்டம் என்பது. ஒரு பாலம் சராசரியை எவ்வளவு குறைக்கும் என்று சொல்வதைவிட, மோசமான நாட்களை எவ்வளவு குறைக்கும் என்று சொல்வது கடினம்தான். ஆனால் தெரியவில்லை என்று பூஜ்யம் போடுவதும் ஒரு கணிப்புதான், நிச்சயமாகத் தவறான கணிப்பு. ஒரு காலத்தில் ஆட்களை நிறுத்தி ஸ்டாப்வாட்சில் அளக்க வேண்டியிருந்தது. இன்று பஸ்ஸில் ஜி.பி.எஸ். இருக்கிறது, டிக்கெட் மெஷின் நேரத்தைப் பதிக்கிறது, எல்லோர் பையிலும் செல்போன் இருக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் எவ்வளவு ஆகும் என்று மேப்பைக் கேட்டால் "45 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி வரை" என்பது போல அதுவே ஒரு வீச்சாகத்தான் பதில் சொல்கிறது. செல்போனுக்குத் தெரிந்த அந்த இரண்டாவது எண்ணைத் திட்ட அறிக்கையிலும் எழுதச் சொல்வது பெரிய ஆசை இல்லை.

ஒவ்வொரு போக்குவரத்துத் திட்ட அறிக்கையிலும் "சராசரி மிச்சம் இத்தனை நிமிடம்" என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி வரட்டும். "20 நாளில் 19 நாள் நேரத்துக்குப் போக வேண்டுமென்றால் இன்று இத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், திட்டம் முடிந்த பின் இத்தனை மணிக்குக் கிளம்பலாம்." பொருளாதாரம் படிக்காதவர்களுக்கும் புரியும் வரி அது. அம்மாக்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். "எதுக்கும் அரை மணி முன்னாடியே கிளம்பு" என்பது "எதுக்கும் அஞ்சு நிமிஷம்" ஆகிவிட்டதா இல்லையா என்று அவர்களிடம் கேட்டாலே திட்டம் வெற்றியா தோல்வியா என்று தெரிந்துவிடும்.